கவிஞரின் சொல்லைச் சுமந்து சென்றவர்: மார்கரிட்டா ஷிர்கு

ஸ்பானியக் கவிஞர் பெடரிக்கோ கார்சியா லோர்காவின் பெயரைத் தமிழ்க் கவிஞர்கள் நெடுநாளாக அறிவர். மொழிபெயர்ப்புகளின் வழியே அவருடைய கவிதைகள் சிற்றிதழ்களுக்கு வந்தன. அவர் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தியும் உடன் வந்தது. ஆனால் அவர் எழுதிய நாடகங்களைத் தம் பணத்தையும் பெயரையும் பணயமாக வைத்து மேடையேற்றியவர் யார், அவர் இறந்தபின் அந்த நாடகங்களைக் கடல் கடந்து எடுத்துச் சென்றவர் யார் என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. நாடகநூலின் மேலட்டையில் ஆசிரியரின் பெயர் இருக்கும். அந்தச் சொற்களை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னவரின் பெயர், உள்ளே பாத்திரப் பட்டியலுக்கு அருகில் சிறிய எழுத்தில் இருந்தால் உண்டு. மார்கரிட்டா ஷிர்கு அவ்வாறு சிறிய எழுத்தில் நின்றுவிட்ட பெயர். ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் அது பெரிய பெயர்; அந்த மொழிக்கு வெளியே அவ்வளவாகப் போகவில்லை.

1888-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள், பார்சலோனா நகரை அடுத்த மோலின்ஸ் தெ ரெய் என்னும் சிற்றூரில் ஷிர்கு பிறந்தார். தந்தை பூட்டுத் தொழிலாளி. குழந்தைப் பருவத்திலேயே குடும்பம் பார்சலோனாவுக்குக் குடிபெயர்ந்தது. பெண்பிள்ளை உடைகளுக்கான பின்னல் கரைகளும் குஞ்சங்களும் செய்யும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். கல்விக்கூடம் அவளுக்கு அதிகம் வாய்க்கவில்லை. வாய்த்தது தொழிலாளர் மன்றம்.

அக்காலப் பார்சலோனாவில் தொழிலாளர்கள் தாமே நடத்திய மன்றங்கள் பல இருந்தன. படிப்பறை ஒன்று, மாலை வகுப்பு ஒன்று, மூலையில் சிறிய மேடை ஒன்று. பகலெல்லாம் ஆலையில் நின்றவர்கள் இரவில் அங்கே வந்து நாடகம் ஒத்திகை பார்த்தார்கள். காசில்லாமல், மாதம் ஒருமுறை கூடி, கிடைத்த இடத்தில் கவிதை படிக்கும் இலக்கிய வட்டங்களுக்கு இது அயலான காட்சியன்று. பின்னாளில் இரு கண்டங்களில் நடிப்புப் பயிற்றுவித்த இந்த அம்மையார் எந்த நடிப்புப் பள்ளியிலும் படித்தவரல்லர். அவருடைய பள்ளி அந்த மன்றங்களின் மேடைதான்.

1906-இல், 18-ஆம் வயதில், எமிலி ஸோலாவின் 'தெரேஸ் ராக்கேன்' நாடகத்தில் பயில்முறை நடிகர்களோடு நடித்தார். கணவனைக் கொன்றுவிட்டு அந்தக் குற்றத்தோடு வாழமுடியாமல் சாகிற பெண்ணின் வேடம். அதைக் கண்டவர்கள் வாயிலாகப் பேச்சுப் பரவியது. அந்த ஆண்டு முடிவதற்குள் கட்டலான் மொழி நாடகத்தின் தலைமை இடமாக இருந்த ரொமேயா அரங்கு அவரைச் சம்பளத்திற்கு அமர்த்திக்கொண்டது. 1910-இல் ஆஸ்கார் வைல்டின் 'சலோமி'யாக அவர் தோன்றியபோது நகரம் இரண்டுபட்டது. வயிற்றுப்பகுதி தெரிய உடையணிந்து ஆடினார் என்று ஒரு சாரார் கொதித்தனர். மறுசாரார் மீண்டும் மீண்டும் வந்து பார்த்தனர். அதே ஆண்டில் ஜோசெப் அர்னால் என்பவரை மணந்தார். இடையே சில மௌனப் படங்களிலும் நடித்தார். அவை அவருடைய கலைக்குப் பெரிதாக எதுவும் சேர்த்துவிடவில்லை.

இதுவரை அவர் கட்டலான் நடிகை. தாய்மொழியில் பேசினார், தாய்மொழிக்காரர் எழுதிய நாடகங்களில் நடித்தார். 1913-இல் தென்அமெரிக்கச் சுற்றுப்பயணத்திற்கு ஒப்பந்தம் வந்தபோது அதில் ஒரு நிபந்தனை அடங்கியிருந்தது: நடிப்பு ஸ்பானிய மொழியில் இருக்கவேண்டும். கட்டலான் வேறு, ஸ்பானியம் வேறு. இரண்டும் இலத்தீனின் பிள்ளைகள்தாம் என்றாலும் உயிரொலியும் மெய்யொலியும் நாவில் விழும் முறையும் வேறுபட்டவை. 25 வயதில் ஒரு நடிகை தம் நாவை மாற்றிக்கொள்ள முடிவு செய்தார். 1914-இல் மாட்ரிட் மேடையில் ஏறியபோது அவருடைய உச்சரிப்பில் கட்டலான் வாடை வீசுகிறது என்று தலைநகரத்து விமரிசகர்கள் குறை சொன்னார்கள். சொந்த மொழியைவிட்டுப் போய்விட்டார் என்று பார்சலோனாவில் வருந்தியவர்களும் இருந்தார்கள். இரண்டு மொழிகளுக்கிடையே வாழ்பவர்களுக்கு இரண்டு பக்கமும் கிடைப்பது இதுதான். ஷிர்கு வாதாடியதாகத் தெரியவில்லை; உழைத்தார். பிற்காலத்தில் ஸ்பானியக் கவிதை நாடகத்தின் முதற்குரல் என்று பெயரெடுத்தது, அந்த மொழியைக் காதால் கற்றுக்கொண்ட ஒருவருடைய குரல்தான்.

மாட்ரிட்டில் அவரை நிலைநிறுத்தியது 1916-ஆம் ஆண்டின் 'மரியநெலா'. பெனித்தோ பெரெஸ் கால்தோஸ் எழுதிய நாவலைக் கின்தேரோ சகோதரர்கள் நாடகமாக்கியிருந்தனர். அழகற்ற ஏழைப்பெண் நெலா, கண்ணில்லாத ஓர் இளைஞனுக்கு வழிகாட்டியாக இருக்கிறாள். அவன் அவளுடைய குரலைக் கேட்டு அவளைப் பேரழகி என்று நம்புகிறான். மருத்துவர் ஒருவர் அவனுக்குப் பார்வை தருகிறார், நெலா மாண்டுபோகிறாள். இக்கதையை எழுதிய கால்தோஸ் அரங்கேற்றத்தின்போது 73 வயது முதியவர், பார்வையை இழந்திருந்தார். தாம் எழுதிய பார்வையற்ற இளைஞனைப்போலவே அவரும் நெலாவைக் குரலால் மட்டுமே அறிந்தார். கேட்டு அழுதார். எழுத்தாளருக்கு நடிகை என்ன தரமுடியும் என்பதை விளக்க வேறு நிகழ்ச்சி தேடவேண்டியதில்லை. கால்தோஸ் தம் கடைசி நாடகமான 'கஸ்தீலியாவின் புனித ஹுவானா'வையும் 1918-இல் ஷிர்குவிடமே ஒப்படைத்தார்.

அடுத்த சில ஆண்டுகள் வெற்றிகள், பயணங்கள், வசூல். பெனவெந்தே, கின்தேரோ சகோதரர்கள் எனக் கூட்டம் சேர்க்கும் ஆசிரியர்களின் நாடகங்களையும் போட்டார்; 1925-இல் பெர்னார்ட் ஷாவின் 'புனித ஜோன்' வேடத்தையும் ஏற்றார். இந்நிலையில்தான், 1926-ஆம் ஆண்டுக் கோடையில், மாட்ரிட்டில் லோர்காவைச் சந்தித்தார்.

லோர்காவுக்கு அப்போது 28 வயது. கவிஞராக நண்பர்களிடையே புகழ் இருந்தது. நாடகாசிரியராக இருந்ததெல்லாம் ஒரு தோல்வி. 1920-இல் அவருடைய முதல் நாடகம் மாட்ரிட்டில் கூச்சலுக்கிடையே கவிழ்ந்தது. வண்ணத்துப்பூச்சியிடம் காதல்கொள்ளும் கரப்பான்பூச்சியின் கதையைக் கேட்க அவையினர் ஆயத்தமாக இல்லை. இரண்டாவது நாடகமான 'மரியானா பினேதா'வைக் கையில் வைத்துக்கொண்டு அரங்கு அரங்காக அலைந்துகொண்டிருந்தார். யாரும் ஏற்கவில்லை. காரணம் கலை மட்டுமன்று. மரியானா பினேதா கிரனாடா நகரில் உண்மையாக வாழ்ந்த பெண். விடுதலைக் கட்சியினருக்காகக் கொடி தைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு 1831-இல் கழுத்து நெரிக்கப்பட்டுக் கொல்லப்பட்டவர். 1926-இல் ஸ்பெயினை ஆண்டுகொண்டிருந்தவர் பிரிமோ தெ ரிவேரா என்னும் இராணுவச் சர்வாதிகாரி. அப்படிப்பட்ட காலத்தில் கொடி தைத்த பெண்ணை மேடையேற்ற எந்த அரங்க முதலாளி துணிவார்?

ஷிர்கு துணிந்தார். 1927 ஜூன் 24-ஆம் நாள் பார்சலோனாவின் கோயா அரங்கில் 'மரியானா பினேதா' அரங்கேறியது. காட்சித் திரைகளை வரைந்தவர் அப்போது 23 வயதே ஆகியிருந்த சல்வதோர் தாலி. நாடகம் ஓரளவுக்குத்தான் ஓடியது. லோர்காவின் சிறந்த நாடகங்களில் அதைச் சேர்க்க முடியாது. கவிதை நாடகத்தை அவ்வப்போது நிறுத்திவிட்டுத் தான் பாடிக்கொண்டிருக்கிறது. ஆயினும் அது நடந்திராவிட்டால் 'யெர்மா' எழுதப்பட்டிருக்குமா என்பது ஐயம். தோற்ற கவிஞர் ஒருவருக்குப் புகழின் உச்சியில் இருந்த 39 வயது நடிகை தம் குழுவையும் மேடையையும் கொடுத்தார். நல்ல கவிதைக்கு முதல் வாசகர் கிடைப்பது எத்தனை அரிது என்பதை அறிந்தவர்களுக்கு இதன் எடை புரியும்.

1930-இலிருந்து 1935 வரை மாட்ரிட் மாநகராட்சிக்கு உரிய எஸ்பான்யோல் அரங்கே ஷிர்குவின் களம். உடன் நின்றவர் இயக்குநர் சிப்ரியானோ ரிவாஸ் ஷெரீப். ஐரோப்பிய நாடகத்தின் புதுப்போக்குகளைக் கற்றறிந்தவர் அவர். அவருடைய தங்கையின் கணவர் மனுவேல் அசாஞ்ஞா, பின்னர் ஸ்பானியக் குடியரசின் தலைவரானவர். கின்தேரோ சகோதரர்களைக்கொண்டு ஈட்டிய பணத்தை உனாமுனோ, வாய்யே-இன்க்ளான், அல்பெர்த்தி, லோர்கா ஆகியோருக்காகச் செலவிட்டார் என்று இவ்வாண்டுகளின் வரலாற்றைச் சுருக்கலாம்.

எல்லாம் வெற்றியாக முடியவில்லை. 1931 ஏப்ரலில் மன்னராட்சி வீழ்ந்து குடியரசு மலர்ந்தது. ஜூன் 1-ஆம் நாள் ரபயேல் அல்பெர்த்தியின் 'பெர்மின் கலான்' அரங்கேறியது. முந்தைய டிசம்பரில் குடியரசுக்காகக் கிளர்ந்தெழுந்து சுட்டுக் கொல்லப்பட்ட படைத்தலைவர் ஒருவரின் கதை அது. அதில் தேவமாதாவே துப்பாக்கியேந்திப் புரட்சியாளர் பக்கம் வந்து நிற்பதாக ஒரு காட்சி. மாதாவாக வந்தவர் ஷிர்கு. அவையில் பாதிப்பேர் மேடையை நோக்கிப் பாய, தீத்தடுப்புத் திரையை இறக்கித்தான் நடிகர்களைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. நாடகம் அவசரமாக எழுதப்பட்டது, கலையழகு குறைந்தது. ஆனால் அன்றிரவோடு ஸ்பெயினின் ஒரு பகுதியினர் ஷிர்குவின் பெயரைக் குறித்து வைத்துக்கொண்டனர். அந்தக் குறிப்பு பின்னர் எடுக்கப்பட்டது.

இதற்கு நேர்மாறான ஒரு மாலை 1933 ஜூன் 18 அன்று வாய்த்தது. அன்று அவருக்கு 45 வயது நிறைந்தது. மெரிதா நகரில் உரோமானியர் கட்டிய கல்லரங்கு ஒன்று இருந்தது. பல நூற்றாண்டுகளாக மண்மூடிக் கிடந்த அதை 1910 தொடங்கி அகழ்ந்தெடுத்திருந்தனர். அங்கே, திறந்த வானின் கீழ், செனெகாவின் 'மெதேயா'வை உனாமுனோவின் மொழிபெயர்ப்பில் ஷிர்குவும் என்ரிக்கே பொர்ராஸும் நடித்தனர். ஆயிரக்கணக்கானோர் கல்படிகளில் அமர்ந்து பார்த்தனர். தலைமையமைச்சர் அசாஞ்ஞா வந்திருந்தார். மொழிபெயர்த்த உனாமுனோவும் வந்திருந்தார். ஒலிபெருக்கியால் பெருகிய குரலன்று. கல்லும் மூச்சும் சேர்ந்து பெருக்கிய குரல். மெரிதாவில் இன்றும் கோடைதோறும் நடைபெறும் செவ்வியல் நாடக விழா அந்த மாலையைத்தான் தன் தொடக்கமாகக் கொள்கிறது.

1934 டிசம்பர் 29-ஆம் நாள் 'யெர்மா'. தரிசு நிலத்தைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லைப் பெண்பாலாக்கி லோர்கா தம் நாயகிக்கு இட்ட பெயர் அது. பிள்ளைப்பேறின்றி ஏங்கும் சிற்றூர்ப் பெண், மனைவியின் ஏக்கத்தைப் புரிந்துகொள்ளாமல் நிலத்தையும் ஆட்டையும் எண்ணிக்கொண்டிருக்கும் கணவன், இறுதியில் அவன் கழுத்தில் விழும் அவளுடைய கைகள். அரங்கேற்ற இரவில் திரை உயர்ந்ததும் மேல்மாடத்திலிருந்து கூச்சல் எழுந்தது. நாடகத்தைக் கேட்டுவிட்டு எழுந்த கூச்சலன்று. முன்பே ஏற்பாடு செய்யப்பட்டது. அப்போது வலதுசாரிகள் ஆட்சியில் இருந்தார்கள். அசாஞ்ஞாவின் நண்பர் என்பதே ஷிர்கு செய்த குற்றம். அவர் நடிப்பை நிறுத்தவில்லை. சற்று நேரத்தில் அவையினரே கூச்சலிட்டவர்களை அடக்கினர். அதன்பின் மேடையில் நிகழ்ந்ததைக் குலைக்க யாராலும் முடியவில்லை. 'யெர்மா' நூறு காட்சிகளைக் கடந்தது.

மறு ஆண்டு டிசம்பரில் பார்சலோனாவில் 'கன்னி ரோசிதா' அரங்கேறியது. அயல்நாடு சென்ற காதலனுக்காகக் காத்திருந்து காத்திருந்து முதிரும் கிரனாடாப் பெண்ணின் கதை. காலையில் சிவந்து, மாலையில் வெளுத்து, இரவில் உதிரும் ஒருவகை ரோஜாவை நடுவில் வைத்துக் கவிஞர் இதை நெய்திருந்தார். 47 வயதில் ஷிர்கு முதல் அங்கத்தில் இளம்பெண்ணாக வந்து மூன்றாம் அங்கத்தில் முதிர்கன்னியாகப் போனார். பார்சலோனாவின் ரம்ப்லா வீதியில் பூ விற்கும் பெண்களுக்காக ஒரு தனிக் காட்சியை லோர்கா ஏற்பாடு செய்தார். கவிஞரும் நடிகையும் மகிழ்ச்சியாக இருந்த கடைசிக் காலம் அதுவே.

1936 ஜனவரி இறுதியில் பில்பாவோ நகரில் இருவரும் விடைபெற்றுக்கொண்டனர். 31-ஆம் நாள் ஷிர்குவின் குழு சன்தந்தேர் துறைமுகத்திலிருந்து கியூபாவுக்குக் கப்பலேறியது. அங்கிருந்து மெக்சிகோ செல்வது திட்டம். லோர்கா அங்கே வந்து சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. ஷிர்கு மெக்சிகோவில் லோர்காவின் நாடகங்களை நடித்தார். கவிஞர் பயணத்தை இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே இருந்தார். ஜூலை நடுவில் மாட்ரிட்டைவிட்டுத் தம் ஊரான கிரனாடாவுக்குப் போனார். சில நாட்களில் படைத்தலைவர்களின் கலகம் வெடித்து உள்நாட்டுப் போர் மூண்டது. ஆகஸ்டு 16 அன்று லோர்கா கைது செய்யப்பட்டார். இரண்டு மூன்று நாட்களுக்குள் நகருக்கு வெளியே ஓர் ஊற்றின் அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 38. உடல் கிடைக்கவில்லை.

சில மாதங்களுக்கென்று கிளம்பிய சுற்றுப்பயணம் அத்துடன் 33 ஆண்டு அயல்வாழ்வாக மாறியது. ஷிர்கு மீண்டும் ஸ்பெயின் மண்ணை மிதிக்கவில்லை. அமெரிக்கக் கண்டத்தில் நாடு நாடாக அலைந்துகொண்டிருந்த நாட்களிலேயே கணவர் அர்னாலும் காலமானார். தம் குழுவைச் சேர்ந்த நடிகர் மிகேல் ஒர்தீனைப் பின்னர் மணந்தார். உடன்வந்த ரிவாஸ் ஷெரீப் போர் மூண்டதும் குடியரசுக்குத் தொண்டாற்றத் தாயகம் திரும்பினார். 1940-இல் பிரான்சில் ஜெர்மானியரிடம் சிக்கி, பிராங்கோவிடம் ஒப்படைக்கப்பட்டு, மரண தண்டனை பெற்று, அது குறைக்கப்பட்டு, சிறையில் கிடந்தார். அந்தச் சிறையிலும் கைதிகளைக்கொண்டு நாடகம் போட்டார் என்பது தனியே எழுதவேண்டிய கதை.

வென்றவர்கள் ஷிர்குவை மறக்கவில்லை. அவர் இல்லாமலே விசாரணை நடத்தி, உடைமைகள் அனைத்தையும் பறிமுதல் செய்யவும், தொழில்புரியும் உரிமையை நிரந்தரமாகப் பறிக்கவும், நாடுகடத்தவும் தீர்ப்பளித்தனர். பதலோனாவில் இருந்த அவருடைய வீடு போயிற்று. தாயகத்தில் லோர்காவின் நாடகங்களும் நெடுங்காலம் பொது அரங்குகளுக்கு வரவில்லை. மாட்ரிட்டின் தொழில்முறை மேடை 'யெர்மா'வை மீண்டும் கண்டது 1960-இல்.

இவ்விடத்தில்தான் ஷிர்குவின் வாழ்க்கை, வெற்றிபெற்ற நடிகை ஒருவரின் வாழ்க்கை என்ற நிலையைக் கடந்து வேறொன்றாகிறது. கவிஞர் இல்லை, கல்லறையும் இல்லை, அவர் பிறந்த நாட்டில் அவருடைய நாடகங்களுக்கு மேடையும் இல்லை. அச்சில் இருந்தவை புவனோஸ் அயர்ஸில் லொசாதா பதிப்பகம் 1938 முதல் வெளியிட்ட தொகுப்புகள். அச்சில் இல்லாத ஒன்று ஷிர்குவிடம் இருந்தது: அந்த வரிகளை எந்த வேகத்தில் சொல்வது, எங்கே மூச்சு வாங்குவது, எந்தச் சொல்லுக்கு முன் காத்திருப்பது என்பது. கவிஞர் ஒத்திகையில் உடனிருந்து கேட்டு, திருத்தி, இசைந்த முறை. அது ஒரே ஓர் உடலில் இருந்தது. அந்த உடலுக்கு ஐம்பது வயது ஆகிக்கொண்டிருந்தது.

1938-இல் ஆர்ஜென்டினாவில் 'இரத்தத் திருமணம்' திரைப்படமானபோது அதில் தாயாக நடித்தார். சிலி நாட்டில் தங்கியபோது, 1942-இல், தலைநகர் சந்தியாகோவில் நடிப்புப் பள்ளி தொடங்கிப் பயிற்றுவித்தார். ஆசிரியப் பணியின் முதற்படி அது. பின்னர் புவனோஸ் அயர்ஸின் அவெனிதா அரங்கு. நாடிழந்த ஸ்பானிய எழுத்தாளர்கள் அந்நகரில் திரண்டிருந்தனர். 1944-இல் அல்பெர்த்தியின் 'எல் அதெபெசியோ', அதே ஆண்டில் அலெஹாந்த்ரோ கசோனாவின் 'விடியலின் பெண்' ஆகியவற்றை ஷிர்கு அங்கே அரங்கேற்றினார். 1945 மார்ச் 8 அன்று, லோர்கா கொல்லப்படுவதற்கு இரண்டு மாதம் முன்னர் எழுதிமுடித்திருந்த 'பெர்னார்தா ஆல்பாவின் வீடு' உலகில் முதன்முறையாக மேடை கண்டது.

முழுவதும் பெண்களே தோன்றும் நாடகம். கணவனை இழந்த பெர்னார்தா ஐந்து மகள்களை வீட்டுக்குள் பூட்டிவைத்துத் துக்கம் காக்கச் செய்கிறாள். அவள் மேடைக்கு வந்து பேசும் முதற்சொல்லும், இளைய மகள் தூக்கில் தொங்கியபின் அவள் பேசும் கடைசிச் சொல்லும் ஒன்றே: மௌனம். ஷிர்கு பெர்னார்தாவாக நடித்தார். மௌனமாக்கப்பட்ட கவிஞரின் இறுதி நாடகத்தில் அந்தக் கட்டளையைப் பிறப்பிக்கும் கொடுங்கோலியின் வேடம், அவருக்காகவே வாழ்ந்துகொண்டிருந்த நடிகைக்கு. இதைவிடக் கடினமான வேடம் அவருக்கு வாய்த்திருக்க முடியாது. திரை விழுந்தபின் அவர் மேடையின் முன்னே வந்து, இந்த நாடகம் இந்நகரில் அரங்கேறக் கவிஞர் விரும்பியிருந்தார் என்றும், அன்று தாமும் உடனிருக்க விரும்பியிருந்தார் என்றும் கூறி, போரைச் சபித்தார்.

1949 அவருக்குச் சோதனை ஆண்டு. ஆல்பெர் காம்யுவின் 'தவறான புரிதல்' நாடகத்தைப் புவனோஸ் அயர்ஸில் மேடையேற்ற, பெரோனின் அரசு சில காட்சிகளிலேயே அதைத் தடைசெய்தது. ஸ்பெயினுக்குத் திரும்பலாமா என்ற எண்ணமும் அந்த ஆண்டில் எழுந்தது. செய்தி கசிந்தவுடன் மாட்ரிட் நாளிதழ் ஒன்று அவரை இழித்தெழுதியது. எண்ணம் கைவிடப்பட்டது. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த சிறிய நாடு அப்போது அழைத்தது.

உருகுவேயின் தலைநகர் மோன்டேவீடியோவில் தேசிய நாடகக் குழு 1947-இல் தோன்றியிருந்தது. அதற்கு நடிகர்களை உருவாக்க 1949-இல் நகராட்சி நாடகப் பள்ளி ஒன்று நிறுவப்பட்டது. ஷிர்கு அதன் இயக்குநரானார். 1957 வரை அப்பொறுப்பில் இருந்தார். கூடவே தேசியக் குழுவிற்கு நாடகங்களை இயக்கினார். சோலீஸ் அரங்கில் பழைய ஸ்பானிய இலக்கியமான 'லா செலெஸ்தினா'வை மேடையேற்றித் தாமே கிழட்டுத் தரகியாக நடித்தார். ஷேக்ஸ்பியர், லோபே தெ வேகா, லோர்கா என்று பாடத்திட்டமும் மேடையும் ஒன்றாகவே நடந்தன. மாணவர்கள் வகுப்பில் பயின்றதை ஆசிரியரோடு ஒரே மேடையில் நின்று செய்துகாட்ட வேண்டியிருந்தது.

அவருடைய கல்வி சொல்லிலிருந்து தொடங்கியது. செய்யுளின் ஓசை நடிகரின் மூச்சில் நிலைக்காமல் உணர்ச்சி வராது என்பது அவர் நின்ற நிலை. பாத்திரத்தின் உள்ளத்தை முதலில் தேடு, சொல் பின்னால் வரும் என்ற ரஷ்ய வழிக் கல்வி உலகெங்கும் பரவிக்கொண்டிருந்த காலம் அது. அதே 1949-இல் அதே நகரில் எல் கல்போன் என்ற சுயேச்சைக் குழு தோன்றி வேறு பாதையில் நடந்தது. இளைஞர் சிலருக்கு ஷிர்குவின் முறை பழமையாகத் தோன்றியிருக்கலாம். அவருடைய நடிப்பில் ஓங்கிய குரல் சற்று மிகுதி என்பதைத் திரைப்படம் காட்டத்தான் செய்கிறது. ஆனால் கவிதை நாடகத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னதே சரி என்று தோன்றுகிறது. லோர்காவின் வரியை உரைநடைபோல் உடைத்துப் பேசிக் கேட்டவர்கள் இதை ஒப்புவர். எஸ்தெலா மெதினா போன்றோர் அந்தப் பள்ளியின் முதல் வரிசையில் பயின்று, பின்னர் பல பத்தாண்டுகள் உருகுவே மேடையைத் தாங்கினர்.

ஆசிரியராக அவர் கண்ட நிறைவு 1963-இல் நேர்ந்தது எனலாம். புவனோஸ் அயர்ஸின் சான் மர்தீன் அரங்கில் 'யெர்மா'வை இயக்கினார். யெர்மாவாக நடிக்கப் பாரிஸிலிருந்து வந்தவர் மரியா கசாரெஸ். போர் மூண்ட நாளில் ஸ்பெயினின் தலைமையமைச்சராக இருந்த கசாரெஸ் கிரோகாவின் மகள்; பதினான்கு வயது நிறையும் தறுவாயில் நாடிழந்து பிரான்சுக்குச் சென்று, பிரெஞ்சு மொழியைக் கற்று, அந்நாட்டின் முதல்தர நடிகையானவர். 1944-இல் காம்யுவின் 'தவறான புரிதல்' பாரிஸில் அரங்கேறியபோது அதன் நாயகியும் அவரே. ஸ்பானிய மொழியில் பெரிய வேடம் ஒன்றை அவர் தாங்குவது இதுவே முதல்முறை. தாய்மொழியைவிட்டு ஸ்பானியத்திற்கு வந்த 74 வயது அம்மையார், ஸ்பானியத்தை விட்டுப் போய்த் திரும்பி வந்த 40 வயது நடிகைக்கு, 1934-இல் தாம் பேசிய வரிகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தார்.

1967-இல் அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஸ்மித் கல்லூரிக்குச் சென்று அங்கும் 'யெர்மா'வையே இயக்கினார். மற்ற நாட்களில் உருகுவேயின் கடற்கரைச் சிற்றூரான புந்தா பய்யேனாவில் அமைதியாக வாழ்ந்தார். 1969 ஏப்ரல் 25-ஆம் நாள், 80-ஆம் வயதில், மோன்டேவீடியோவில் காலமானார். அப்போதும் ஸ்பெயினில் பிராங்கோவின் ஆட்சிதான். அது முடிய இன்னும் ஆறரை ஆண்டு இருந்தது. பிறப்பின் நூற்றாண்டான 1988-இல் அவருடைய எச்சங்கள் கப்பலேறிய நாட்டுக்குத் திரும்பி, மோலின்ஸ் தெ ரெய்யில் அடக்கம் செய்யப்பட்டன.

2003-இல் ஆர்ஜென்டினாவில் பிறந்த இசையமைப்பாளர் ஒஸ்வால்தோ கோலிஹோவ் 'ஐனாதமார்' என்ற இசைநாடகத்தை இயற்றினார். கண்ணீர் ஊற்று என்பது அந்த அரபுச் சொல்லின் பொருள். லோர்கா கொல்லப்பட்ட இடத்தருகே இருக்கும் ஊற்றின் பெயர் அது. அதில் முதிய ஷிர்கு 'மரியானா பினேதா'வை நடிக்கத் திரைக்குப் பின்னால் காத்து நிற்கிறார். அருகில் நிற்கும் மாணவியிடம் கவிஞரைப்பற்றிச் சொல்லிக்கொண்டே உயிர்விடுகிறார். மாணவி கற்பனை. மோன்டேவீடியோவின் நாடகப் பள்ளி மார்கரிட்டா ஷிர்குவின் பெயரைத் தாங்கி இன்றும் நடந்துவருகிறது.